ஒரு பைசா, ஒரு பச்சைத் துண்டு

எங்கள் ஆபீஸ் கேன்டீனில் டீ விலையை இரண்டு ரூபாய் ஏற்றிவிட்டார்கள்.

அன்றைக்குப் பார்த்திருக்க வேண்டுமே! பிரெஞ்சுப் புரட்சி தோற்றது போங்கள். "அராஜகம்!" என்றார் அக்கவுண்ட்ஸ்காரர். "இதை விடவே கூடாது சார்" என்றான் பக்கத்து சீட் தம்பி. மூன்று வருஷமாகச் சம்பளம் ஏறாததற்குக்கூட வாய் திறக்காத ஆசாமிகள் எல்லாம் கண் சிவக்க நின்றார்கள். உடனே ஒரு பெட்டிஷன் தயார். 'கீழே கையெழுத்திட்டுள்ள நாங்கள்...' என்று அட்சர சுத்தமாக ஆரம்பித்து, பிரின்ட் அவுட்டும் எடுத்தாயிற்று.

ஒரே ஒரு சிக்கல். கீழே கையெழுத்திட ஆள் இல்லை!

"நீங்க சீனியர் சார், நீங்க முதல்ல போடுங்க."

"எனக்கு அப்ரைசல் டைம்ப்பா. நீ போடு."

"நானா? நான் ப்ரொபேஷன்ல இருக்கேன் சார்!"

இப்படியே அந்தப் பேப்பர் நாற்பத்து மூன்று மேஜைகளைச் சுற்றிவிட்டு, போன மாதிரியே பால் வெள்ளையாக என்னிடம் திரும்பி வந்தது. மடித்து ட்ராயரில் வைத்துவிட்டேன்.

தோற்றுப்போன எரிச்சலை யார் மேலாவது காட்டியாக வேண்டும் அல்லவா? அக்கவுண்ட்ஸ்காரர் விவசாயி மேல் காட்டினார்.

"நம்ம சம்பளத்துல டாக்ஸைப் பிடிச்சுட்டுத்தான் கையில கொடுக்கறான். விவசாயிக்கு மட்டும் ஃப்ரீ கரண்ட்! இந்தப் பழக்கத்தை முதல்ல கெளப்பி விட்ட ஆள் யாருய்யா?"

கேட்டது என்னைப் பார்த்து. நான் கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் காட்டுக்காரன். அதனால் தமிழ்நாட்டு விவசாயத்துக்கு மொத்தப் பொறுப்பும் என்னுடையது என்று அவருக்கு ஒரு நினைப்பு. நான் பதில் சொல்லவில்லை. வாயில் பஜ்ஜி இருந்தது ஒரு காரணம். பதில் தெரியாது என்பது நிஜக் காரணம்.

* * *

போன மாதம் ஒரு காதுகுத்துக்காக ஊருக்குப் போயிருந்தேன். விடியற்காலையில் கோவில்பட்டி ஸ்டேஷனில் இறங்கி, டவுன் பஸ்ஸைப் பிடித்து அரை மணி நேரம் போனால் எங்கள் ஊர். விதைத்துவிட்டு மழைக்குக் காத்திருக்கிற நேரம். கரிசல் காட்டில் அந்த நாட்களில் யாரும் யாருடைய முகத்தையும் பார்த்துப் பேசமாட்டார்கள். எல்லோருக்கும் கண் வானத்தில்தான். காதுகுத்தப்பட்ட குழந்தையைவிட ஜாஸ்தி அழும் நிலைமையில் இருந்தார்கள் பெரியவர்கள்.

என் பெரியப்பாவுக்கு எழுபத்தாறு வயது. ஒன்பது ஏக்கர் புஞ்சை. அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, அக்கவுண்ட்ஸ்காரர் கேட்ட கேள்வியைச் சும்மா ஒரு பேச்சுக்கு எடுத்துவிட்டேன்.

"இந்த ஃப்ரீ கரண்ட்டை முதல்ல யாரு பெரியப்பா கேட்டது?"

அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"ஏல, நீ பொறந்தது எந்த ஊரு?"

"கோவில்பட்டி ஆஸ்பத்திரில."

"அந்தக் கோவில்பட்டிலதானய்யா நாயுடு ஐயா செத்தாக. அதக்கூடத் தெரியாம மெட்ராஸ்ல என்னத்தப் படிச்ச?"

"எந்த நாயுடு பெரியப்பா? நம்ம பக்கம் தெருவுக்கு நாலு நாயுடு இருக்காங்களே!"

பெரியப்பா எழுந்து உள்ளே போனார். கோபித்துக்கொண்டு போய்விட்டாரோ என்று பயந்தேன். திரும்பி வந்தபோது கையில் ஒரு துண்டு. ஒரு காலத்தில் பச்சையாக இருந்திருக்க வேண்டும். இப்போது வெயிலில் கிடந்த வேப்பிலை மாதிரி ஒரு நிறம். அதைத் தோளில் போட்டுக்கொண்டுதான் பேச ஆரம்பித்தார். நாற்பது வருஷப் பழக்கம்!

அவர் சொன்னதையும், பிறகு நான் தேடிப் படித்துச் சரிபார்த்துக்கொண்டதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

* * *

நாராயணசாமி நாயுடு 1925-ல் பிறந்தவர். சொந்த ஊர் கோயமுத்தூர் பக்கம் வையம்பாளையம். விவசாயி. கட்சிக்காரர் அல்ல, சினிமாக்காரர் அல்ல. தோட்டம், கிணறு, மோட்டார்... இதுதான் அவர் உலகம்.

கோயமுத்தூர்ப் பூமி காய்ந்த பூமி. 1930-களில் பைக்காராவில் மின்சாரம் எடுக்க ஆரம்பித்த பிறகு, அங்கே கிணற்றுக்குக் கிணறு மோட்டார் வந்தது. கவலை இறைத்த மாடுகளுக்கு விடுதலை. ஆனால் மனுஷன் மாட்டிக்கொண்டான்! எல்லோரும் இறைக்க இறைக்கத் தண்ணீர் கீழே போகும். கீழே போகப் போகப் பெரிய மோட்டார் வேண்டும். பெரிய மோட்டார் கூடக் கரண்ட் குடிக்கும். கிணற்றை ஆழப்படுத்தக் கடன், மோட்டாருக்குக் கடன், கரண்ட்டுக்கு பில். விளைந்ததற்கு மட்டும் விலை அப்படியே நிற்கும்.

அந்த நேரத்தில், 1970-ல், பம்ப்செட் மின்சாரக் கட்டணத்தை அரசாங்கம் ஏற்றியது. ஏற்றியது பைசாக் கணக்கில்தான். யூனிட்டுக்கு ஒரு பைசாவாவது குறை என்று கேட்டு ஆரம்பித்தது சண்டை.

ஒரு பைசாவா என்று சிரிக்காதீர்கள். நானும் சிரித்தேன். பெரியப்பா முறைத்தார். பிறகு அக்கவுண்ட்ஸ்காரர் பாணியில் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 5 ஹெச்.பி. மோட்டார் மணிக்குச் சுமார் நாலு யூனிட் இழுக்கும். எட்டு மணி நேரம் ஓடினால் முப்பது யூனிட். யூனிட்டுக்கு ஒரு பைசா என்றால் ஒரு நாளைக்கு முப்பது பைசா. வருஷத்தில் இருநூறு நாள் ஓடினால் அறுபது ரூபாய். 1970-ல் அறுபது ரூபாய்! அதுவும் ஒரே ஒரு பைசாவுக்கு.

அந்த ஒரு பைசாவைக் கேட்டு 1970 ஜூன் 19-ந் தேதி பெருமாநல்லூரில் கூடியவர்கள் மேல் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்தியது. மூன்று விவசாயிகள் செத்தார்கள்.

'பைசா பெறாத விஷயம்' என்று சொல்கிறோமே, அதை இனிமேல் நான் கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வேன்.

1972-ல் மறுபடி கட்டண ஏற்றம். இந்த முறை நாயுடு ஒரு காரியம் செய்தார். விவசாயிகளை மாட்டு வண்டி கட்டிக்கொண்டு கோயமுத்தூருக்கு வரச் சொன்னார். வந்தார்கள். டவுன் ரோடுகளில் வண்டிகளைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அவ்வளவுதான், ஒரு நகரமே ஸ்தம்பித்துப் போனது. ஒரு கல் எறியவில்லை. மாட்டை அவிழ்த்து விட்டால் வண்டியை யார் நகர்த்துவது? ஆர்.டி.ஓ. ஆபீஸில் இதற்கெல்லாம் சட்டம் கிடையாது!

"மாடு ரோட்டுல படுத்து அசை போடுது. கலெக்டரு, எஸ்.பி. எல்லாம் மாட்டைச் சுத்திப் போறாக. கவர்மெண்டு மாட்டுக்கு வழிவிட்டது அன்னைக்கித்தாம்ப்பா" என்றார் பெரியப்பா. அவர் அன்று கோயமுத்தூரில் இல்லை. ஆனால் சொல்லும்போது கண்ணெதிரில் பார்த்த மாதிரிதான் சொன்னார்.

அதே வருஷம் ஜூலை 5-ந் தேதி நடந்த போராட்டத்தில் பல ஊர்களில் துப்பாக்கிச் சூடு. சேலம் பக்கம் பெத்தநாயக்கன்பாளையத்திலும், எங்களுக்குப் பக்கத்திலிருந்த அந்தக் கால ராமநாதபுரம் ஜில்லாவிலும் விவசாயிகள் விழுந்தார்கள். இன்றைக்கும் ஜூலை 5 அவர்கள் நினைவு நாள். நம் ஆபீஸ் காலண்டரில் அது சாதாரணக் கறுப்பு நாள். சிவப்பு அல்ல.

1973-ல் கோயமுத்தூர்ச் சங்கம் தமிழ்நாடு முழுவதற்குமான தமிழக விவசாயிகள் சங்கம் ஆனது. தோளில் பச்சைத் துண்டு. அந்தத் துண்டில் ஒன்றுதான் பெரியப்பா தோளில் கிடந்தது.

* * *

இங்கே எனக்கு ஒரு சந்தேகம்.

"பெரியப்பா, அது கோயமுத்தூர்க்காரங்க சண்டை. கிணறும் மோட்டாரும் அவங்களுக்கு. நம்ம பக்கம் பூராம் மானாவாரி. வானம் பெஞ்சாத்தான் வெள்ளாமை. உங்களுக்கு எத்தனை ஹெச்.பி. மோட்டார்?"

"மோட்டாரா? கிணறே கெடையாது!"

"அப்ப எதுக்கு நீங்க பச்சைத் துண்டு போட்டீங்க?"

பெரியப்பா திண்ணையை ஒட்டி இருந்த வாசல் நிலையைக் காட்டினார். கனமான பழைய நிலை. ஆனால் அதில் இருந்த கதவு அதற்குச் சம்பந்தமே இல்லாத ஒட்டுப்பலகைக் கதவு. சின்ன வயசிலிருந்து பார்க்கிறேன். இதுவரை ஏன் என்று கேட்டதில்லை.

"பழைய கதவு தேக்கு. எங்க ஐயா போட்டது. கடன் பாக்கின்னு ஜப்திக்கு வந்தாக. மழை இல்லாத வருசம். வீட்டுல எடுக்குறதுக்கு ஒண்ணும் இல்ல. கதவைக் கழட்டிட்டுப் போயிட்டாக."

அவ்வளவுதான் சொன்னார். பிறகு கொஞ்ச நேரம் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுவதில் ரொம்ப மும்முரமாக இருந்தார்.

எங்கள் இடைசெவல் கி. ராஜநாராயணன் 'கதவு' என்று ஒரு கதை எழுதியிருக்கிறார். தீர்வை பாக்கிக்காக ஓர் ஏழை வீட்டுக் கதவைக் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள். காலேஜில் அது எனக்குப் பாடம். ஐந்து மார்க் கேள்விக்காக மனப்பாடம் செய்தேன். எங்கள் வீட்டுக் கதையையே மனப்பாடம் செய்கிறேன் என்று அப்போது எனக்குத் தெரியாது.

கோயமுத்தூரில் பிரச்னை மீட்டர். கரிசலில் பிரச்னை கடன். மழை பொய்த்தால் வட்டிக்கு வட்டி. அண்டா, குண்டா, ஆடு, உழவு மாடு என்று எதையும் ஜப்தி செய்வார்கள். பணம் போனால்கூடப் பரவாயில்லை, தெருவே வேடிக்கை பார்க்க வீட்டு அண்டாவை வண்டியில் ஏற்றும்போது மானம் போகிறது பாருங்கள், அதுதான் தாங்காது. நாயுடுவின் சங்கம் அதற்கு ஒரு வழி செய்தது. ஊர் எல்லையில் ஒரு போர்டு. கடன் வசூலுக்கு வருகிற அதிகாரிகள் சங்கத்தின் அனுமதி இல்லாமல் ஊருக்குள் வரக்கூடாது!

"அந்தப் போர்டை எங்க ஊருல நட்டது நாந்தான்" என்றார் பெரியப்பா. "கடப்பாரைய வச்சு ரெண்டு முழம் தோண்டி நட்டேன். மறுநா காலைல ஜீப்பு வந்துச்சு. போர்டு வரைக்கும் வந்துச்சு. நின்னுச்சு. திரும்பிப் போயிருச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? அடுத்த வாரம் போலீசோட வந்துச்சு. பதினெட்டு நாளு பாளையங்கோட்டை."

சிரித்தார். பல் நாலுதான் இருக்கிறது. ஆனால் சிரிப்பு முழுசாக இருந்தது.

இன்னொன்றும் கேட்டேன். கடன் வாங்கினால் கட்டத்தானே வேண்டும்? நான் ஹவுஸிங் லோன் இ.எம்.ஐ. கட்டுகிறேனே!

பெரியப்பா பக்கத்தில் கிடந்த தீப்பெட்டியை எடுத்து என் மடியில் போட்டார். கோவில்பட்டித் தீப்பெட்டி.

"இதுல வெல அச்சடிச்சிருக்கா?"

"இருக்கு."

"ஒரக் கம்பெனிக்காரன் மூட்டைல அடிச்சிருக்கான். மோட்டார் கம்பெனிக்காரன் அடிச்சிருக்கான். ஏ தம்பி, எங்க வத்தல் மூட்டைல எவன் அடிச்சிருக்கான்? கமிசன் கடைக்காரன் துண்டைப் போட்டு மூடி வெரலப் புடிச்சு ஒரு வெல சொல்லுவான். அதான் வெல. எஞ்சரக்குக்கு நான் வெல சொல்ற அன்னைக்கு ஒங்க கடனை நான் வட்டியோட கட்டுறேன்."

விவசாயப் பொருளாதாரம் பற்றி எவ்வளவோ கட்டுரை படித்திருக்கிறேன். தீப்பெட்டி அளவில் யாரும் சொல்லித் தந்ததில்லை.

* * *

இனி நாயுடு அரசியல்வாதி ஆன கதை.

தி.மு.க. ஆட்சி போய் எம்.ஜி.ஆர். ஆட்சி வந்தும் மோதல் நிற்கவில்லை. 1980-ம் வருஷத்தின் கடைசி நாள், டிசம்பர் 31, எங்கள் கரிசலிலேயே குறிஞ்சாக்குளத்தில் துப்பாக்கிச் சூடு. ஊரெல்லாம் புது வருஷக் காலண்டர் மாட்டிக்கொண்டிருந்தபோது அங்கே இழவு விழுந்தது.

அதே 1980-ல் ஐதராபாத்தில் பல மாநில விவசாயிகள் சங்கங்கள் கூடி பாரதிய கிசான் யூனியன் என்று ஓர் அமைப்பை ஆரம்பித்தன. முதல் தலைவர் யார் தெரியுமா? நம் வையம்பாளையத்துக்காரர்தான். பிற்பாடு டெல்லியை நடுங்க வைத்த மகேந்திர சிங் திகாயத் கொடி பிடித்தது இதே பெயரில்தான்.

கட்சி சார்பு இல்லாத சங்கம். எந்தக் கட்சிக்காரனும் துண்டு போட்டுக்கொண்டு வரலாம், ஆனால் கட்சித் துண்டைக் கழற்றிவிட்டு வர வேண்டும். அதுதான் பலம். எல்லாக் கட்சியும் பயந்தது அதற்குத்தான்.

1982-ல் நாயுடு சொந்தமாகக் கட்சி ஆரம்பித்தார். இந்திய விவசாயிகள் உழைப்பாளர் கட்சி.

ஏன் ஆரம்பித்தார்? பெரியப்பாவிடம் கேட்டேன். "எத்தனை நாளைக்கு ரோட்டுல நின்னு, உள்ள இருக்குறவன்கிட்டக் கேக்குறது? நாமளே உள்ள போவோம்னு நெனச்சாக" என்றார். நியாயமாகத்தான் படுகிறது. சுடச் சொல்கிறவனும் சட்டசபையில்தான் இருக்கிறான், கட்டணத்தைக் குறைக்கிறவனும் அங்கேதான் இருக்கிறான். பன்னிரண்டு வருஷம் வாசலில் நின்றவருக்கு வீட்டுக்குள் போகத் தோன்றாதா?

ஆனால், கட்சி என்று வந்ததும் கணக்கு மாறிவிட்டது. துண்டைக் கழற்றிவிட்டு வந்தவர்களுக்குப் பழைய துண்டு ஞாபகம் வந்தது.

1984 டிசம்பர். அந்த எலெக்‌ஷனைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அக்டோபர் 31-ல் இந்திரா காந்தி சுட்டுக் கொல்லப்பட்டார். எம்.ஜி.ஆர். உடம்பு முடியாமல் அமெரிக்க ஆஸ்பத்திரியில். அவர் அங்கே இருக்கிற படத்தை ஊர் ஊராகப் போட்டுக் காட்டினார்கள். ஜனங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தார்கள். இந்தக் கண்ணீர் வெள்ளத்துக்கு நடுவில் ஒரு மனுஷர், ஏற்கெனவே களைத்துப்போன உடம்போடு, கரிசல் காட்டுக்கு வந்து விளைபொருள் விலையைப் பற்றிப் பிரசாரம் செய்கிறார்.

டிசம்பர் 21. கோவில்பட்டியில் மாரடைப்பு. போய்விட்டார். வயது 59. ஓட்டுப்பதிவுக்கு இன்னும் மூன்று நாள்தான் இருந்தது.

உடம்பை வையம்பாளையத்துக்குக் கொண்டுபோனார்கள்.

"நான் டவுனுக்கு வத்தல் போடப் போயிருந்தேன். கடைல சொன்னாக. மூட்டைய அப்பிடியே போட்டுட்டு ஓடுனேன். கூட்டத்துல கிட்டப் போக முடியல. சின்னப் புள்ள மாதிரி அழுதேன்" என்றார் பெரியப்பா.

அதோடு கதை முடிந்தது என்று நினைத்து நான் எழுந்தேன். அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"யாருக்கு ஓட்டுப் போட்டேன்னு கேக்கலியே நீ?"

"ஓட்டு ரகசியம் பெரியப்பா."

"நாப்பது வருசமா ரகசியமாத்தான் வச்சிருக்கேன். ஒங்க பெரியம்மாட்டக்கூடச் சொன்னதில்ல." குரலைத் தாழ்த்தினார். "மூணு நா முன்னாடி அழுதவந்தான். இந்தத் துண்டைப் போட்டுக்கிட்டுத்தான் பூத்துக்குப் போனேன். உள்ள போயி சீட்டை விரிச்சேன். எம்.ஜி.ஆரு ஆஸ்பத்திரில இட்லி சாப்புடுற மாதிரி கண்ணுக்குள்ள வந்தாக. குத்திட்டு வந்துட்டேன்."

நான் ஒன்றும் சொல்லவில்லை.

"போர்டு நட்டவன் நான். ஜெயிலுக்குப் போனவன் நான். நானே போடல. அப்புறம் யாரு போடுவா?"

* * *

ஊரிலிருந்து திரும்பும்போது ரயிலில் தூக்கம் வரவில்லை. பெரியப்பாவை நினைத்துக்கொண்டே வந்தேன். அவர் துரோகியா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. ரோட்டில் நிற்கும்போது அவர் விவசாயி. பூத்துக்குள் போனால் அவர் எம்.ஜி.ஆர். ரசிகர். இன்னொருத்தர் ஜாதிக்காரர், இன்னொருத்தர் கட்சிக்காரர். ஒரே மனுஷனுக்குள் ஐந்தாறு பேர். அதில் விவசாயிக்கு மட்டும் ஓட்டு இல்லை!

எங்கள் கோவில்பட்டித் தொகுதி ஒன்றும் கெட்ட தொகுதி அல்ல. கம்யூனிஸ்ட் கட்சியின் சோ. அழகர்சாமியை 1967, 71, 77, 80, 89 என்று ஐந்து தடவை சட்டசபைக்கு அனுப்பிய தொகுதி. ஆனால் அவருக்குப் பின்னால் அரிவாளும் கட்சியும் பூத்துக்குப் பூத் ஆளும் இருந்தன. சங்கத்துக்கு இருந்தது வண்டியும் மாடும்தான்.

இது நம் ஊர்க் கதை மட்டுமல்ல. 2020-ல் வேளாண் சட்டங்களை எதிர்த்து டெல்லி எல்லையில் டிராக்டர்களை நிறுத்தினார்களே பஞ்சாப் விவசாயிகள்... மாட்டு வண்டி போய் டிராக்டர், ஐடியா அதே ஐடியாதான்! ஒரு வருஷம் வெயில், குளிர் எல்லாம் தாங்கி உட்கார்ந்தார்கள். 2021 நவம்பரில் பிரதமரே டி.வி.யில் வந்து சட்டங்களை வாபஸ் வாங்குவதாகச் சொன்னார். மூன்றே மாதம் கழித்து, 2022 பிப்ரவரியில் பஞ்சாப் எலெக்‌ஷன். சங்கத்துக்காரர்களில் ஒரு பிரிவினர் தனிக் கட்சியாக நின்றார்கள். ஒரு சீட்கூடக் கிடைக்கவில்லை. நாட்டின் பிரதமரையே இறங்கி வரச் செய்தவர்களுக்கு ஓர் எம்.எல்.ஏ. கிடைக்கவில்லை!

அப்படியென்றால் நாயுடு தோற்றுவிட்டாரா?

அவர் போன பிறகு சங்கம் பல துண்டாக உடைந்தது. கட்சியும் அவரோடு போயிற்று. ஆனால் 1990-ல் தமிழ்நாட்டில் பம்ப்செட்டுகளுக்கு முழுக்க இலவச மின்சாரம் வந்தது. கொடுத்தவர் கருணாநிதி. 1970-லும் 72-லும் சண்டை நடந்தபோது முதலமைச்சராக இருந்தவரும் அவரேதான். அதற்குப் பிறகு யார் ஆட்சிக்கு வந்தாலும் அதில் கை வைக்கக் கொஞ்சம் யோசிக்கிறார்கள். கை வைத்தாலும் சீக்கிரம் எடுத்துவிடுகிறார்கள். இன்றைக்கு இருபது லட்சத்துக்கு மேல் பம்ப்செட்டுகள் அந்தக் கரண்ட்டில் ஓடுகின்றன. வையம்பாளையத்தில் அரசாங்கமே நாயுடுவுக்கு மணிமண்டபம் கட்டியிருக்கிறது. உயிரோடு இருந்தபோது ஜெயில், போன பிறகு மண்டபம். இரண்டும் பி.டபிள்யூ.டி. கட்டடம்தான்!

உள்ளே போக நினைத்தபோது கிடைக்காதது, வெளியே நின்றதால் கிடைத்தது. அதுவும் அவர் பார்க்காமல் போன பிறகு.

குறையே இல்லையா? இருக்கிறது. கரண்ட் சும்மா கிடைத்தது, தண்ணீர் இன்னும் ஆழத்துக்குப் போய்விட்டது. இலவசத்தால் பெரிய தோட்டக்காரருக்குப் பெரிய லாபம், கிணறே இல்லாத மானாவாரிக்காரருக்கு ஒன்றும் இல்லை. வத்தல் மூட்டையில் விலை இன்னும் அச்சாகவில்லை. அக்கவுண்ட்ஸ்காரர் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் கேட்பதற்கு முன் கதையின் முதல் பாதியையும் தெரிந்துகொண்டு கேட்க வேண்டும்.

எனக்கு விளங்காத ஒன்றே ஒன்றுதான். எங்கள் பெரியப்பாவுக்குக் கிணறு கிடையாது, மோட்டார் கிடையாது. அந்த ஒரு பைசாவில் அவருக்கு ஒரு பைசாகூட வராது. கோயமுத்தூர்க்காரன் மீட்டருக்கும் சேர்த்துத்தான் அவர் பாளையங்கோட்டையில் பதினெட்டு நாள் களி தின்றிருக்கிறார். ஊருக்குக் கிளம்பும்போது அதையும் கேட்டேன்.

"எவனோ ஒருத்தன் மொதல்ல வண்டியக் கட்டணும்லப்பா" என்றார். "நாம கட்டுனா பின்னாடி நாலு வண்டி வருதான்னு பாக்கலாம். வரலைன்னா திரும்பி வந்து மாட்டுக்குத் தண்ணி காட்டலாம்."

* * *

திங்கட்கிழமை கேன்டீனில் அக்கவுண்ட்ஸ்காரர் ரெடியாக இருந்தார். நான் முழுக் கதையையும் சொன்னேன். பஜ்ஜி ஆறிப்போயிற்று. யாரும் தொடவில்லை.

"அந்தக் கதவு திரும்பக் கிடைச்சுதா சார்?" என்று கேட்டான் பக்கத்து சீட் தம்பி.

"இல்லை."

அக்கவுண்ட்ஸ்காரர் கொஞ்ச நேரம் டம்ளரையே பார்த்தார். "அறுபது ரூபா கணக்கு சரியாத்தான் வருது" என்றார். அவரிடமிருந்து அதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது. அதுவே பெரிய பாராட்டு.

சீட்டுக்கு வந்து ட்ராயரைத் திறந்தேன். பெட்டிஷன் அப்படியே வெள்ளையாக இருந்தது. பேனாவை எடுத்து முதல் கையெழுத்தைப் போட்டு, ரவுண்டில் விட்டேன்.

பத்து நாள் ஆயிற்று. பேப்பர் நாற்பத்து மூன்று மேஜைகளையும் சுற்றி நேற்று திரும்பி வந்தது. ஆவலாகப் பிரித்துப் பார்த்தேன். என் கையெழுத்துக்குக் கீழே இரண்டாவதாக ஒரே ஒரு கையெழுத்து.

அக்கவுண்ட்ஸ்காரருடையது. பக்கத்தில் பென்சிலால் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு: 'மாதம் 26 நாள், தினம் 2 டீ, ஆக வருஷத்துக்கு ரூபாய் 1,248.'

வண்டி இரண்டாகிவிட்டது.